பட்டனை அழுத்திப் பாருங்கள், ஊசி முனையைத் தடவிப் பாருங்கள்: குரோனோகிராப் வாட்சும் பின்னல் சாமானும் வாங்கும் முறை

கடைக்காரர் குரோனோகிராப் வாட்சை எடுத்துக் கொடுத்தால் முதலில் பட்டனை அழுத்திப் பாருங்கள். பின்னல் ஊசியைக் கொடுத்தால் முனையை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கம்பெனிப் பெயர், நிறம், விலை எல்லாம் அதற்குப் பிறகு. குன்னூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலை ஸ்டாப்வாட்சைக் கையில் கொடுத்தது, குளிர் உல்லன் நூலைக் கொடுத்தது. இரண்டும் இன்றுவரை கையை விட்டுப் போகவில்லை. புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் "டீச்சர், எந்தக் கம்பெனி நல்லது?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது.

வாட்சில் எதை அளக்கப் போகிறீர்கள்?

குரோனோகிராப் என்றால் நேரம் காட்டுவதோடு ஸ்டாப்வாட்ச் வேலையும் செய்யும் கடிகாரம். வலது பக்கம் நடுவில் திருகு, அதற்கு மேலே ஒரு பட்டன், கீழே ஒரு பட்டன். மேல் பட்டன் ஓட்டவும் நிறுத்தவும், கீழ் பட்டன் முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவரவும். ஓடும்போதே அழுத்தினால் சுழியத்துக்குத் திரும்பி மறுபடி ஓடும் 'ஃபிளைபேக்' வகையைத் தவிர மற்றவற்றில், ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ் பட்டனைத் தொடக்கூடாது. நிறுத்திவிட்டுத்தான் அழுத்த வேண்டும்.

நூறு மீட்டர் ஓட்டத்தை அளக்க வேண்டும் என்றால் சாவி கொடுக்கும் பழைய வாட்ச் உதவாது. அதன் துடிப்பு கணக்கை, அதாவது மணிக்கு எத்தனை 'டிக்' என்பதைப் பாருங்கள். மணிக்கு 18,000 துடிப்பு உள்ள வாட்ச் ஒரு விநாடியை ஐந்தாகத்தான் பிரிக்கும். 21,600 என்றால் ஆறு. இன்று பரவலாக இருக்கும் 28,800 என்றால் எட்டு. 1969-இல் வந்த ஜெனித் எல் பிரிமெரோ 36,000 துடிப்பு என்பதால் விநாடியில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும். ஆனால் பள்ளி மைதானத்துக்கு அவ்வளவு விலை கொடுத்து யாரும் வாங்கப் போவதில்லை. அங்கே நூறில் ஒரு பங்கு காட்டும் சாதாரண டிஜிட்டல் ஸ்டாப்வாட்ச் போதும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டு அழுத்தாதீர்கள், புகையைப் பார்த்து அழுத்துங்கள். சத்தம் நூறு மீட்டர் தாண்டி வர விநாடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிடிக்கும். ஓடுகிற பிள்ளைக்கு அது பெரிய நேரம்.

மற்ற எல்லாவற்றுக்கும், டீ ஊறுவதற்கும் இட்லி வேகுவதற்கும் நடைப்பயிற்சிக்கும், முள் ஓடும் குரோனோகிராப்தான் எனக்கு இஷ்டம். டயலைச் சுற்றி அச்சடித்திருக்கும் அளவுகோல் எது என்று பார்த்து வாங்குங்கள். பெரும்பாலானவற்றில் இருப்பது டாக்கிமீட்டர். ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 36 விநாடி ஆனால் முள் 100-இல் நிற்கும், அதாவது மணிக்கு 100 கிலோமீட்டர். எங்கள் மலைப்பாதை வளைவுகளில் அதற்கு வேலையே இல்லை. எனக்கு உதவுவது பல்சோமீட்டர். பட்டனை அழுத்திவிட்டு நாடித்துடிப்பு முப்பது எண்ணி நிறுத்தினால், நிமிடத்துக்கு எத்தனை என்று முள்ளே காட்டிவிடும். முப்பது துடிப்புக்கு 20 விநாடி ஆனால் 90. டெலிமீட்டர் அளவுகோல், மின்னலைப் பார்த்து ஓட்டி இடி கேட்டதும் நிறுத்தினால், மின்னல் எவ்வளவு தூரத்தில் என்று சொல்லும். அது இல்லாவிட்டாலும் மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். துலா மாத மழையில் மைதானத்திலிருந்து பிள்ளைகளை எப்போது உள்ளே அழைப்பது என்று முடிவு செய்ய இந்தக் கணக்கு எனக்கு எத்தனையோ முறை கைகொடுத்திருக்கிறது.

முதல் வாட்சாக எது?

பேட்டரி வகையில் சைக்கோவின் விகே வரிசை எந்திரம் உள்ளதைத் தேடுங்கள். விகே63, விகே64 என்று இருக்கும். பல சின்னச் சின்னக் கம்பெனிகள் இந்த எந்திரத்தை வாங்கித் தங்கள் வாட்சில் வைக்கின்றன. சாதாரண பேட்டரி குரோனோகிராப்பில் முள் விநாடிக்கு ஒரு தாவலாகப் போகும். இதில் விநாடிக்கு ஐந்து தாவல், கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு போவதுபோலத் தெரியும். கீழ் பட்டனை அழுத்தினால் முள் ஒரே அடியில் சுழியத்துக்குத் திரும்பும், ஏனென்றால் அந்தப் பகுதி மட்டும் பழைய காலத்துச் சுத்தியல் முறையில் வேலை செய்கிறது. பட்டன் அழுத்தும் சுகமும் வேண்டும், பராமரிப்புத் தொல்லையும் வேண்டாம் என்பவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டைட்டனும் பேட்டரி குரோனோகிராப் விற்கிறது. எந்த ஊரிலும் சர்வீஸ் கிடைக்கும் என்பது அதன் பலம்.

சாவி கொடுப்பதில் ஆசை இருந்தால் சீனாவின் டியான்ஜினில் தயாராகும் சீகல் எஸ்டி19 எந்திரம். சுவிட்சர்லாந்தின் வீனஸ் 175 எந்திரத்தின் வழி வந்தது. பட்டனை அழுத்தும்போது உள்ளே 'காலம் வீல்' என்ற தூண் சக்கரம் ஒரு படி திரும்பும். அதனால் அழுத்தம் மெதுவாக ஏறி, ஒரு இடத்தில் 'டக்' என்று விட்டுக்கொடுக்கும். அதோடு 7750-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். வால்ஜூ 7750 சுவிஸ் வாட்சுகளில் பரவலாக இருக்கும் உழைப்பாளி எந்திரம், ஆனால் அதில் தூண் சக்கரத்துக்குப் பதில் நெம்புகோல் அமைப்பு. பட்டன் கடினமாக இருக்கும், கட்டைவிரலால் தம் பிடித்து அழுத்த வேண்டும். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் என் விரல் மூட்டுக்கு ஒத்துவரவில்லை. இதனால்தான் படத்தைப் பார்த்து ஆர்டர் போடாதீர்கள் என்கிறேன். பட்டனின் குணம் படத்தில் தெரியாது.

பழையது வாங்குவதானால்

எனக்கு மிகவும் பிடித்தது சைக்கோ 6139. 1969-இல் வந்த தானியங்கி குரோனோகிராப். அமெரிக்க விண்வெளி வீரர் வில்லியம் போக் 1973-இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையப் பயணத்துக்கு மஞ்சள் டயல் உள்ள ஒன்றைத் தன் சொந்த வாட்சாகக் கட்டிக்கொண்டு போனார். நாசா 1965-இல் அங்கீகரித்தது ஒமேகா ஸ்பீட்மாஸ்டரைத்தான் என்றாலும், அவர் பழகிய வாட்சை விட்டுப் போக மனமில்லாமல் போனது எனக்கு நன்றாகப் புரிகிறது. நம் ஊரில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை மாதிரி இடங்களிலும், பழைய வாட்ச் ரிப்பேர் கடைகளிலும், இணையத்திலும் 6139 தேடுகிறவர்கள் உண்டு. கிடைத்தால் கீழ்க்கண்டவற்றை அங்கேயே நின்று பாருங்கள்.

இந்த வாட்சுக்குத் தனியாக விநாடி முள் கிடையாது. நடுவில் இருக்கும் நீள முள் குரோனோகிராப் முள். ஆறு மணிப் பக்கம் சின்ன வட்டம் முப்பது நிமிடம் எண்ணும். சாவி கொடுக்கவும் முடியாது, கையை அசைத்தால்தான் ஓடத் தொடங்கும். மேல் பட்டனை அழுத்துங்கள். முள் குதிக்காமல் புறப்பட வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் சின்ன வட்டத்து முள் ஒரு கோடு நகர்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்தியடையாதீர்கள். கடைக்காரரிடம் டீ வரவழைக்கச் சொல்லி உட்கார்ந்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். குரோனோகிராப் ஓடும்போது வாட்சே சோர்ந்து நின்றால் உள்ளே எண்ணெய் காய்ந்துவிட்டது. நிறுத்திச் சுழியத்துக்குக் கொண்டுவந்தால் இரண்டு முள்ளும் நேராகக் கோட்டில் நிற்க வேண்டும். அரைக் கோடு தள்ளி நின்றால் யாரோ முள்ளைக் கழற்றிச் சரியாகப் பொருத்தவில்லை.

பிறகு திருகை உள்ளே அழுத்துங்கள். பாதி அழுத்தினால் தேதி மாறும், முழுவதும் அழுத்தினால் கிழமை மாறும். போக் கட்டியிருந்த வகையில் டயலைச் சுற்றி உள்ளே இருக்கும் வளையமும் திருகைச் சுற்றினால் சுழல வேண்டும். பலவற்றில் இது மக்கர் செய்யும்.

டயல்தான் பெரிய பிரச்சினை. நம் நாட்டுச் சந்தையில் பழைய டயலைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்து விற்பது வழக்கம். சேகரிப்பவர்கள் அந்த மாதிரி வாட்சை 'பாம்பே ஸ்பெஷல்' என்பார்கள். பூதக்கண்ணாடி வைத்து எழுத்தைப் பாருங்கள். அசல் அச்சில் எழுத்தின் ஓரம் கத்தி வெட்டியதுபோல் இருக்கும், பெயின்ட் அடித்ததில் மை கசிந்து தடித்திருக்கும். டயலின் அடி விளிம்பில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதுவும் பின்மூடியில் உள்ள எண்ணும் 6139 என்று தொடங்க வேண்டும். பின்மூடி வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 35 என்று தொடங்கினால், எழுபதுகளின் வாட்ச் என்று தெரிந்த பட்சத்தில், 1973 மே. அக்டோபருக்குச் சுழியம், நவம்பர், டிசம்பருக்கு ஆங்கில முதலெழுத்து. டயல் புத்தம் புதிதாக மின்னி, கூடு மட்டும் தேய்ந்து கிடந்தால் அந்த டயல் அந்த வாட்சோடு பிறந்தது இல்லை.

ஊட்டியில் எனக்குத் தெரிந்த ஒரு ரிப்பேர்காரர் உண்டு. அவர் சொல்வார்: "டீச்சர், மூடியைத் திறந்து காட்ட மாட்டேன்னு சொல்றவன்கிட்ட வாங்காதீங்க. திறந்ததும் துரு தெரிஞ்சா, அவன் என்ன விலை சொன்னாலும் எந்திரிச்சு வந்துடுங்க." வாங்கும் முன்பே இதைச் சர்வீஸ் செய்ய ஆள் இருக்கிறாரா, என்ன கேட்பார் என்று விசாரியுங்கள். குரோனோகிராப்பில் சாதாரண வாட்சைவிடப் பாகங்கள் அதிகம். சாதா வாட்சைக் கழுவி எண்ணெய் போடுகிற எல்லோரும் இதைத் தொட மாட்டார்கள்.

ஊசி

ஊசிக்கு வருவோம். இங்கே முதல் குழப்பம் நம்பர். நம் ஊர்க் கடைகளில் '8 நம்பர் ஊசி', '10 நம்பர் ஊசி' என்பது பழைய பிரிட்டிஷ் கணக்கு. நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ., 14 என்றால் 2 மி.மீ. அமெரிக்கக் கணக்கு தலைகீழ், நம்பர் ஏறினால் தடிக்கும். அங்கே 8 என்றால் 5 மி.மீ. வீடியோ பார்த்து அமெரிக்க வடிவத்தை (பின்னல் குறிப்பை) வைத்துப் பின்னப் போகிறவர் கடையில் '8 நம்பர்' என்று கேட்டு வாங்கினால் ஒரு மி.மீ. மெலிந்த ஊசிதான் கிடைக்கும். ஸ்வெட்டர் ஆளுக்குள் நுழையாது. எப்போதும் மில்லிமீட்டரில் கேளுங்கள். ஓட்டை போட்ட ஊசி அளவுத் தகடு ஒன்று வாங்கி வைத்தால் பழைய ஊசிகளுக்கும் சந்தேகம் தீரும்.

எங்கள் மலையில் ஒரு பெருமை உண்டு. குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் கேத்தியில் 1949-இல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலையின் போனி ஊசிகள் உலகம் முழுக்கப் போயின. நீலகிரியில் பின்னப் பழகிய பலர் முதலில் கையில் பிடித்தது சாம்பல் நிற அலுமினிய போனி ஊசிதான். விலை குறைவு, வளையாது, கண்ணி (ஊசியில் ஏறும் நூல் வளையம்) வழுக்கிக்கொண்டு போகும். வேகமாகப் பின்னுகிறவர்களுக்கு அலுமினியமே நல்லது. ஆனால் மார்கழிக் காலையில் கையில் எடுத்தால் ஜில்லென்று விரலைக் கடிக்கும். அதோடு, புதிதாகப் பழகுகிறவர்கள் பாதியில் வைத்துவிட்டுப் போனால் கண்ணிகள் உருவிக்கொள்ளும். பழகுகிறவருக்கு நான் சொல்வது மூங்கில். நூலைக் கொஞ்சம் பிடித்துவைக்கும், கண்ணி விழாது, கைக்கும் குளிராது.

முனையை எப்படிச் சோதிப்பது? ஆள்காட்டி விரல் நுனியில் வைத்து லேசாக அழுத்துங்கள். குத்தினால் மிகக் கூர், அது மெல்லிய நூலில் பூவேலை செய்யும் ஆட்களுக்கு. மொட்டையாக இருந்தால் இறுக்கமாகப் பின்னுகிறவர் ஒவ்வொரு கண்ணியிலும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பழைய நைலான் காலுறைத் துணியை முனையிலிருந்து தலைவரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். எங்காவது நூல் மாட்டினால் அந்த இடத்தில் சொரசொரப்பு இருக்கிறது. மூங்கிலானால் மிக மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம். பூச்சு உரிந்த அலுமினியத்தை ஒதுக்கிவிடுங்கள்.

வட்ட ஊசி (இரண்டு ஊசி முனைகளை ஒரு கம்பி இணைப்பது) வாங்குவதானால் கம்பியும் ஊசியும் சேரும் மூட்டில் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு கண்ணியும் அங்கே தட்டும். கம்பி எவ்வளவு நீளம் என்பது நீங்கள் பின்னுவதைப் பொறுத்தது. ஸ்வெட்டர் உடலுக்கு 80 செ.மீ. எல்லோருக்கும் ஒத்துவரும். கை, காலுறை எல்லாம் ஒரே ஊசியில் வளைத்துப் பின்ன வேண்டும் என்றால் 100. ஜெய்ப்பூரில் தயாராகும் நிட்ப்ரோவின் கழற்றி மாட்டும் செட் ஒன்று இருந்தால் முனையும் கம்பியும் வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். சின்னச் சாவியால் நன்றாக இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் கழன்று கண்ணியெல்லாம் கொட்டும். முழு செட்டையும் எடுத்த எடுப்பில் வாங்காதீர்கள். 3.25, 4, 5 மி.மீ. மூன்று போதும், ஒரு குடும்பத்துக்கே பின்னலாம்.

நூல்

உல்லன் நூல் என்று கடையில் கொடுப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். அக்ரிலிக் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தைத் தொப்பியும் பள்ளி ஸ்வெட்டரும் வாரம் ஒருமுறை துவைக்க வேண்டும், அதற்கு அதுதான் லாயக்கு. ஆனால் கம்பளி விலை கொடுத்து அக்ரிலிக் வாங்கக் கூடாது. இரண்டு அங்குலம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் வாடை வரும், தீ தானே அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகி ஒழுகும், ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்துபோகும்.

லேபிளில் சாய எண் (எந்தத் தடவை சாயம் ஏற்றிய நூல் என்பதைக் காட்டும் எண்) இருக்கும், அதைப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஒரே நிறம், ஒரே கம்பெனி, ஆனால் சாய எண் வேறு என்றால் ஸ்வெட்டரின் முதுகில் பட்டையாகத் தெரியும். கடையின் டியூப்லைட்டில் தெரியாது, வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பாருங்கள். ஓர் உருண்டை கூடுதலாகவே வாங்குங்கள். சிட்டமாக வருவதைப் பின்னும் முன் உருண்டையாகச் சுற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சிக்கு எடுப்பதிலேயே பொழுது போகும்.

இனி யாரும் செய்ய விரும்பாத, ஆனால் செய்தே ஆக வேண்டிய வேலை: மாதிரித் துண்டு. 15 செ.மீ. சதுரமாவது பின்னி, ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படித் துவைத்து, காயவைத்து, நடுவில் 10 செ.மீ. அளந்து கண்ணியை எண்ணுங்கள். மார்புச் சுற்று 102 செ.மீ. வர வேண்டிய ஸ்வெட்டர். வடிவத்தில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று போட்டிருக்கிறது, 224 கண்ணி ஏற்றச் சொல்கிறது. உங்கள் கைக்கு 20 தான் வருகிறது என்றால் அதே 224 கண்ணி 112 செ.மீ. ஆகிவிடும். பத்து செ.மீ. தொளதொள. ஊசியை ஒரு நம்பர் மெலியதாக்குங்கள், அல்லது 204 கண்ணி ஏற்றுங்கள். கழுத்து, இடுப்புப் பட்டைகளுக்கு உடம்புக்குப் போட்டதைவிட இரண்டு நம்பர் மெலிந்த ஊசி.

வாட்சும் பின்னலும் சேரும் இடம்

பின்னும்போது எஃகுச் சங்கிலி வாட்ச் கட்டாதீர்கள். சங்கிலி வளையங்களுக்கு நடுவில் நூல் மாட்டி இழுக்கும், மெல்லிய மெரினோ கம்பளியானால் அங்கேயே பஞ்சு கிளம்பும். துணி வாரோ தோல் வாரோ போதும். பட்டன்கள் ஸ்வெட்டர் கையில் மாட்டாமலிருக்க, வாட்சை இடது கையில் கட்டுபவர்கள் அந்தக் கையின் மணிக்கட்டுப் பட்டையை இரண்டு மூன்று கண்ணி தளர்வாக வையுங்கள். இது நான் என் ஸ்வெட்டர் எல்லாவற்றுக்கும் செய்வது.

முப்பது நிமிட வட்டம் பின்னுகிறவர்களுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. உட்காரும்போது பட்டனை அழுத்துவேன். வட்டம் ஒரு சுற்று முடிந்தால் ஊசியைக் கீழே வைத்து, விரல்களை விரித்து, மணிக்கட்டைச் சுழற்றிவிட்டுத்தான் அடுத்த வரிசை. கட்டைவிரல் அடியில் வலி வந்தபின் ஓய்வெடுப்பதில் பலனில்லை. அதேபோல், புது வடிவத்தில் பத்து வரிசைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்துகொண்டால் பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குள் முடியுமா என்று முன்கூட்டியே தெரியும். 6139-இல் குரோனோகிராப்பை ஓடவிட்டே வைத்தாலும் பாதகமில்லை, அதன் கிளட்ச் (குரோனோகிராப்பை எந்திரத்தோடு இணைக்கும் பாகம்) செங்குத்து வகை. சீகல் போன்றவற்றில் பல் சக்கரம் பக்கவாட்டில் வந்து சேரும், அதனால் தேவைக்கு மட்டும் ஓட்டுங்கள்.

மழைக்காலத்தில் இரண்டையும் பாதுகாப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். தோல் வாரில் பூஞ்சை படியும், அதைக் கழற்றித் தனியாகக் காற்றோட்டத்தில் வையுங்கள். வாட்சை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், ஸ்பீக்கர், மொபைல் உறையின் காந்தம் எதன் பக்கத்திலும் வேண்டாம். ஈரக் கையோடும் தண்ணீருக்குள்ளும் பட்டனை அழுத்தவே கூடாது, நீர் உள்ளே போகும் முதல் வழி அதுதான். கம்பளி உடையைத் துவைக்காமல் மூட்டை கட்டினால் வியர்வை வாடைக்குப் பூச்சி வரும். துவைத்து, நன்றாகக் காய்ந்த வெயில் நாளில், காய்ந்த வேப்பிலையோடு ஜிப் பையில் போடுங்கள். சாய எண் லேபிளையும் அதே பைக்குள் வையுங்கள்.